முதல் பத்து நாவல்கள்: எடுப்பது, படிப்பது, பாதியில் வைப்பது

ஒரு நாவல் பிடிக்கவில்லை என்பவரிடம், “எந்தப் பக்கத்தில் பிடிக்காமல் போனது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. பிடித்தது என்பவரும் அப்படித்தான். “சூப்பர், கண்டிப்பா படிங்க” என்பதோடு நின்றுவிடுவார். பக்க எண் சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்த நாவலைத் தேர்ந்தெடுக்கவும் தெரியும். சலிப்பு எங்கே தொடங்கியது என்று தெரிந்தால்தான் அது நாவலின் கோளாறா, பதிப்பின் கோளாறா, தப்பான வேளையில் எடுத்த புத்தகமா என்று பிரிக்க முடியும். கீழே சொல்வது முதல் பத்து நாவல்களைக் கடக்கும் வரைக்குமான வழி. வேண்டிய சாமான் அதிகமில்லை: ஒரு பென்சில், ஒரு நாற்பது பக்க நோட்டு, நாலைந்து காகிதச் சீட்டுகள்.

எதில் தொடங்குவது

தமிழில் நாவல் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் முதலில் திணிக்கப்படுவது ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகம், 293 அத்தியாயம். படிக்கக் கடினமானதே அல்ல. ஆனாலும் முதல் புத்தகமாக அது இரண்டு விதத்தில் ஆபத்து. இரண்டாம் பாகத்தில் நின்றுவிட்டவர் “நமக்கு நாவலெல்லாம் சரிப்படாது” என்று முடிவுகட்டிவிடுவார். முழுக்க முடித்தவர் பாடு இன்னும் மோசம்: அதே ஓட்டத்தை, அதே திருப்பங்களை மற்ற நாவல்களிலும் தேடி, வரிசையாகப் பத்துப் புத்தகங்களில் ஏமாறுவார். அதை நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்றும் சின்னதாக இருக்கட்டும். மூன்றும் மூன்று திசையில் இழுப்பவையாக இருக்கட்டும். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ (1959) ஒரு ஜல்லிக்கட்டுக் களத்தை விட்டு அந்தண்டை இந்தண்டை நகராது. ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சென்னைத் தெரு ஒன்றில் குடத்தோடு அலையும் ஜனங்களைப் பற்றியது. பெரிதாக எதுவும் நடக்காததுபோல் இருக்கும், அதுதான் உங்களுக்கான சோதனை. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். சாராயம், விபச்சாரம், தரகு என்று போகும். கந்தனைப் பலருக்குப் பிடிக்காது. அப்போது நோட்டில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆளைப் பிடிக்கவில்லையா, அந்த ஆளைக் காட்டிய விதம் பிடிக்கவில்லையா? ஆளைப் பிடிக்காமல் போவது நாவலின் தோல்வி அல்ல. புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

மூன்றையும் முடித்தபின், வேகம், நிதானம், உறைப்பு மூன்றில் எது உங்களை உட்காரவைத்தது என்று தெரிந்துவிடும். அடுத்த இரண்டு புத்தகத்தை அந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். ஆறாவதிலிருந்து பிடிக்காத பக்கம் போகலாம்.

கடையிலும் நூலகத்திலும் பார்க்க வேண்டியவை

ஏமாற்றத்தில் ஒரு பங்கு கதையால் வருவதே இல்லை, அச்சால் வருகிறது. நாவலைக் கையில் எடுத்ததும் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் புரட்டி முதற்பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். 1942இல் எழுதியதை நேற்று எழுதியதாக நினைத்துப் படித்தால் பேச்சும் பழக்கவழக்கமும் செயற்கையாகத் தோன்றும். மறுபதிப்பின் ஆண்டை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் புத்தகங்களும் உண்டு, கவனம்.

அடுத்து பாரம், அதாவது ஒன்றாக மடித்த பக்கக் கட்டு. புத்தகத்தைப் பெரும்பாலும் 16 பக்கம் 16 பக்கமாக மடித்துத்தான் கட்டுகிறார்கள். ஒரு பாரம் விட்டுப்போனால் 16 பக்கம் மொத்தமாகக் காணாமல் போகும், அல்லது அதே 16 பக்கம் இரண்டு முறை வரும். எனவே 16, 32, 48 என்று அந்தந்த இடத்தில் பக்க எண் தொடர்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்துவிடுங்கள். 300 பக்கப் புத்தகத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும். கண்காட்சி நெரிசலில் இதைச் செய்யக் கூச்சப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்து 176க்குப் பிறகு 193 இருப்பதைப் பார்த்தால் மாற்றித் தருவது கடைக்காரரின் தயவு.

நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களின் நாவல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் ஒரே நாவல் பல பதிப்பகங்களில், பல விலையில் கிடைக்கும். மலிவானதை எடுக்கும்முன் உரையாடல் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து, வேறு பதிப்பின் அதே பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். மேற்கோள் குறி விடுபட்டிருந்தால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது, பழி எழுத்தாளர்மேல் விழும். அட்டையில் பொடி எழுத்தில் ‘சுருக்கம்’ என்று இருந்தால் வைத்துவிடுங்கள். பழைய புத்தகத்தை வருடி எடுத்த மின்னூல்களில் ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும். இரண்டு பக்கம் படித்து எரிச்சல் வந்தால் தாள் புத்தகமே மேல்.

நூலகத்தில் எடுப்பவர்கள் கடைசி நான்கு பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துப்பறியும் நாவல் என்றால் ஓரக் குறிப்பையும் பார்க்க வேண்டும். கொலைகாரன் பெயரை 30ஆம் பக்கத்திலேயே அடிக்கோடிட்டு வைத்திருக்கும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

முன்னுரையை விட்டுவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். தமிழில் செவ்வியல் பதிப்புகளின் முன்னுரைகள் பல, கதை தெரிந்தவருக்காக எழுதப்பட்டவை. யார் இறக்கிறார், யார் ஓடிப்போகிறார் என்று போகிறபோக்கில் சொல்லிவிடும். முடித்தபிறகு படித்தால் அதே முன்னுரை பத்து மடங்கு பயன் தரும்.

உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

பத்துப் பக்கம் படித்து மணி பாருங்கள். 20 நிமிஷம் ஆனால் மணிக்கு 30 பக்கம். 300 பக்க நாவலுக்கு 10 மணி நேரம். தினம் 45 நிமிஷம் கிடைக்கும் என்றால் பதினான்கு நாளில் முடியும். இந்தக் கணக்கு இல்லாமல் தொடங்கினால் நாலாவது நாளே “இன்னும் இவ்வளவு இருக்கா” என்ற அலுப்பு வரும். வாரத்தில் ஒருநாள் மட்டும் மூன்று மணி நேரம் படிப்பதைவிடத் தினம் அரைமணி நேரம் மேல். இடைவெளி ஐந்து நாளைத் தாண்டினால் பெயர்கள் மறந்து, பின்னால் புரட்டுவதிலேயே நேரம் போகும். தலைமுறைக் கதைகளுக்கு நோட்டின் முதல் பக்கத்தில் குடும்ப மரம் போட்டுக்கொள்ளுங்கள். பெயரோடு அந்த ஆள் முதலில் வரும் பக்க எண்ணையும் எழுதினால் போதும்.

தொடர்கதையாக வந்ததா என்று பாருங்கள்

தமிழ் நாவல் விஷயத்தில் புதியவர்களுக்கு யாரும் சொல்லாமல் விடுவது இது. நம் புகழ்பெற்ற நாவல்களில் பல, புத்தகமாக எழுதப்பட்டவை அல்ல. பத்திரிகையில் வாராவாரம் வந்தவை. 1890களில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ‘விவேக சிந்தாமணி’யில் வந்த காலத்திலிருந்தே தொடராக எழுதும் வழக்கம் உண்டு. கல்கியின் சோழ நாவல் 1950இலிருந்து 1954வரை ஓடியது. வாசகர் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு ஏழு நாள் காத்திருந்தார். போன வாரம் நடந்ததை ஞாபகப்படுத்த வேண்டும், இந்த வாரக் கடைசியில் ஒரு முடிச்சுப் போட வேண்டும், நடுவில் ஒரு படத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். மணியத்தின் ஓவியங்களோடு பார்த்தவர்களுக்கு வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று தனியாகக் கற்பனை செய்யும் வேலையே இல்லை.

இதையே நாம் ஒரே மூச்சில் படிக்கும்போது ஞாபகமூட்டல் எல்லாம் வளவளப்பாகவும், முடிச்சுகள் எல்லாம் தந்திரமாகவும் தெரிகின்றன. அது எழுத்தின் பிழை என்பதைவிட நாம் சாப்பிடும் முறையின் பிழை. மாவடு ஜாடியை ஒரே நாளில் காலி செய்தால் நாக்கு புண்ணாகத்தான் செய்யும்.

தொடர் என்பதற்கு அடையாளங்கள் எளிது. அத்தியாயங்கள் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு அலறலிலோ கதவு தட்டலிலோ முடியும், அடுத்தது வேறு இடத்தில் தொடங்கும். ஏற்கெனவே தெரிந்த ஆளை மறுபடி அறிமுகம் செய்யும். இப்படி இருந்தால் ஒரு நாளைக்கு நாலு அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். 293 அத்தியாயத்துக்கு இந்தக் கணக்கில் 74 நாள். இன்னொன்று: அத்தியாய முடிவில் நிறுத்தாதீர்கள். அங்கேதான் தூண்டில் இருக்கிறது, இரவு இரண்டு மணிவரை இழுத்துப்போய் மறுநாள் அலுப்பைத் தரும். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பத்தி போய், முடிச்சு தளர்ந்த இடத்தில் சீட்டைச் செருகுங்கள்.

தொடருக்கே உரிய உண்மையான கோளாறும் ஒன்று உண்டு: கடைசியில் அவசரம். இருபது வாரம் ஒரு கோட்டைச் சுவரைச் சுற்றிவிட்டு, இரண்டு வாரத்தில் கல்யாணம், சாவு, பட்டாபிஷேகம் எல்லாம் நடந்துவிடும். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர்களிடமிருந்து திருப்தியும் வந்தது, அதிருப்தியும் வந்தது. அவர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கி ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொன்னார். அதை விடாமல் படியுங்கள். வாசகர்கள் எங்கே ஏமாந்தார்கள், எழுத்தாளர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஒருசேரப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

வட்டார வழக்கு கடிக்கும்போது

பத்துப் பக்கத்தில் புத்தகத்தை மூடவைப்பது பெரும்பாலும் பேச்சுமொழி. கொங்கு நாட்டு ‘ஒறம்பரை’யும் யாழ்ப்பாணத்துப் ‘பேந்து’வும் வேற்றூர்க்காரரைத் தடுக்கத்தான் செய்யும். உறவினர், பிறகு என்று தெரிந்துவிட்டால் கதவு திறந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி தேடாதீர்கள், ஓட்டம் செத்துவிடும். முதல் இருபது பக்கத்தின் உரையாடல்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். மூன்றாவது முறை வந்தும் புரியாத சொல்லை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு, அந்த ஊர்க்காரர் யாரையாவது கேளுங்கள். கரிசல் சொற்களுக்குக் கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது.

பழகிக்கொள்ள ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) நல்ல இடம். சின்ன நாவல், கொங்குப் பேச்சு, நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு விதவையின் பிடிவாதம். இதில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் வெளியே வந்தால் நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ போன்ற பெரிய வழக்கு நாவல்களுக்குப் போகலாம்.

இடமே தடையாக நிற்கும் நாவலும் உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டாம் உலகப் போர்க்கால மெடானிலும் பினாங்கிலும் நடக்கிறது. தொடக்கத்தில் தெருப் பெயரும் வேற்றுமொழிச் சொற்களும் குவியும். எழுத்தின் நடையும் சட்டென்று நினைவுக்குத் தாவும். மலாக்கா நீரிணையின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைப்பில் உள்ள அந்தத் தோணிப் பயணம் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் அது உங்களுக்கான புத்தகமல்ல. தமிழில் அதற்கு இணை குறைவு என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பாதியில் வைப்பது

வைக்கலாம். ஆனால் முறைப்படி வைக்க வேண்டும். 150 பக்க நாவலுக்கு 30 பக்கம், 300க்கு 60, எண்ணூறு, ஆயிரம் போகிறதென்றால் 120 பக்கமாவது வாய்ப்புக் கொடுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் மூடும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: கடைசி ஐந்து நாளில் படிப்பு விட்டுப்போனதா? வேறு என்னமோ எதிர்பார்த்து எடுத்தீர்களா? காய்ச்சல், தேர்வு, துக்கம் என்று உங்கள் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால் சீட்டில் தேதியும் பக்க எண்ணும் ஒரு வரிக் காரணமும் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகி அலமாரியில் வையுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்தச் சீட்டைப் பார்த்தால், பாதிக் காரணங்கள் உங்களுக்கே சிரிப்பாக இருக்கும்.

எதிர்பார்ப்பு எப்படிக் கெடுக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981). ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர், ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள் இறந்தார் என்று அது தொடங்கும். உண்மை மனிதர் என்று நம்பித் தேடப் போனவர்கள் உண்டு. அவர் கற்பனை ஆள். பின்பாதி அவருடைய நாட்குறிப்பு. கதை எப்போது தொடங்கும் என்று காத்திருப்பவர் கடைசிப் பக்கம்வரை காத்திருக்க வேண்டியதுதான். குறிப்புகளைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்து எடுத்தவருக்கு ஏமாற்றமே இல்லை.

கோளாறு நாவலுடையதுதானா

முடித்தாகிவிட்டது, மனசு நிறையவில்லை. இப்போது பென்சில் போட்ட இடங்களுக்குத் திரும்புங்கள். முதல் சோதனை பேச்சு. இரண்டு பக்க உரையாடலில் பெயர்களைக் கையால் மறைத்துவிட்டு, பேசுவது பாட்டியா, கல்லூரிப் பையனா, வக்கீலா என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் எல்லோர் வாயிலும் எழுத்தாளரே பேசுகிறார். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் இதைச் செய்து பார்த்தால் நேர்மாறாக இருக்கும், யார் வாய் திறந்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

இரண்டாவது, தற்செயல்களை எண்ணுங்கள். கதையைத் தொடங்கிவைக்கும் தற்செயல் ஒன்றை மன்னிக்கலாம். சிக்கலை அவிழ்க்க வரும் தற்செயலை மன்னிக்க முடியாது: ரயிலில் எதிர் இருக்கையில் தொலைந்த அண்ணன் உட்கார்ந்திருந்தால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரித்திர நாவல் என்றால் கல்வெட்டுச் செய்தி கதாபாத்திரத்தின் கண்வழி வருகிறதா, கட்டுரையாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வரிவசூல் கணக்கு மூன்று பக்கம் போகிறது, அந்த வரியைக் கட்டுகிற ஆள் ஒருவர்கூட வரவில்லை என்றால், படித்தது நாவல் அல்ல, குறிப்பேடு.

பிரசங்கமும் அப்படித்தான். கருத்து இருப்பது குற்றமல்ல. எதிர்க்கருத்தைச் சொல்பவனை முட்டாளாக மட்டுமே காட்டியிருந்தால் குற்றம்.

ஒரு வாரப் பயிற்சி

ஒரே தொடக்கம் இரண்டு விதமாகப் போவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஜெயகாந்தன் வழி செய்து வைத்திருக்கிறார். 1966இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி மறைத்துவிடுகிறாள். கதை பெரிய சர்ச்சை ஆனது. பிறகு எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அம்மா அலறி, விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை வேறாகப் போகிறது. அந்தச் சிறுகதையே நாவலுக்குள் வேறொருவர் எழுதியதாக வருகிறது. இந்த நாவலுக்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

முதல் நாள் சிறுகதை. இரண்டாவது நாள் அம்மா செய்தது சரியா என்று ஐந்து வரி எழுதுங்கள். அடுத்த நான்கு நாளில் நாவலின் முதல் நூறு பக்கம். ஏழாவது நாள் அந்த ஐந்து வரியை அடிக்காமல், கீழே இன்னொரு ஐந்து வரி. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியதோ, எந்தப் பக்கத்தில் மாறியதோ, அதுதான் உங்கள் வாசிப்பு.

கருத்தை எழுதும்போது

அருமை, மொக்கை, விறுவிறுப்பு, சுமார், ‘மனதைத் தொட்டது’ இந்த ஐந்தையும் மூன்று மாதத்துக்கு நோட்டில் எழுதக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். “இரண்டாம் பாதி இழுவை” என்று எழுத வந்தால், “140இலிருந்து 190வரை அவன் வேலை தேடுகிறான், ஐந்து கம்பெனியிலும் அதே பதில், அதே அவமானம், இரண்டோடு நிறுத்தியிருக்கலாம்” என்று மாற்றுங்கள். இப்படி எழுதினால் படிப்பவர் ஒத்துக்கொள்ளலாம், சண்டை பிடிக்கலாம். ‘இழுவை’யோடு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

பிடித்த நாவலுக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் சந்தோஷம் காரணம் கேட்காது. கீழே வைக்க முடியாத பக்கம் ஒன்று, தூங்கவைத்த பக்கம் ஒன்று (எவ்வளவு பிடித்த நாவலிலும் இருக்கும்), யாருக்கு இதைக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது. நாலு வரி போதும். முடித்த அன்றே எழுதாதீர்கள். முடிவின் சூடு மொத்தப் புத்தகத்தையும் மூடிவிடும். மூன்று நாள் விட்டு எழுதுங்கள். அதற்குள் மறந்துபோன கதாபாத்திரம் யார் என்பதும் ஒரு தகவல்தான்.

பிடித்த எழுத்தாளரின் மற்ற எல்லா நாவலையும் உடனே வாங்கிக் குவிப்பது, ஒரு நல்ல உறவைக் கெடுத்துக்கொள்ளும் நிச்சயமான வழி. மூன்றாவது நாவலில் அவருடைய கைப்பழக்கங்கள் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்: எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி சிரிப்பார்கள், எல்லா அத்தியாயமும் மழையில் முடியும். நடுவில் வேறு இருவரைப் படித்துவிட்டு வாருங்கள்.

இரவல் கொடுப்பதாக இருந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர், தேதி, புத்தகம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே செருகிய சீட்டுகளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் 140ஆம் பக்கத்துச் சலிப்பு அவருக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்தில் திரும்பி வரவில்லை என்றால் புத்தகத்தைக் கேட்காமல், எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.